மூன்று பரப்புக்கு ஐந்து கையெழுத்து

காணி உறுதிப் பத்திரம் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். எனக்கு மேடையில் பேசத் தெரியாது. அதனால் எழுதித் தருகிறேன். காணிப் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். படித்தது சாதாரண தரம் வரைதான். முத்திரை எவ்வளவு, எல்லையை எப்படி எழுதுவது என்பதெல்லாம் உங்கள் கந்தோரிலேயே பழக்குவார்கள். அவற்றை விடுகிறேன். என் கோபம் இன்னும் ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. அதில் முதற்பிழை விட்டவன் நான்தான். அதைச் சொல்கிறேன்.

எங்கள் கந்தோர் மருதனார்மடம் சந்தைக்குப் பின்பக்கம். ஒரு நாள் காலை இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் முப்பது வயது மட்டில் இருக்கும். சிவமலர் குத்தகைக் காணியில் மிளகாய், கத்தரி, கோவா நாற்றுப் போட்டுத் தோட்டக்காரருக்கு விற்பவள். யோகா முன்பள்ளி ஆசிரியை. சண்டிலிப்பாயில் கிணறும் சின்ன வீடுமாக மூன்று பரப்புக் காணி விலைக்கு வந்திருந்தது. சிவமலரின் சேமிப்போடு, யோகாவின் கல்யாணத்துக்கென்று தாய் செய்துவைத்த நகையை விற்ற காசும் சேர்ந்துதான் அந்தக் காணியின் விலை.

"ரெண்டு பேரின்ரை பேரிலையும் எழுதுங்கோ அண்ணை," என்றாள் சிவமலர்.

"நீங்கள் சகோதரங்களோ?"

"இல்லை."

"மச்சாள் முறையோ?"

"இல்லை அண்ணை. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிறம். அவ்வளவுதான்."

எங்கள் தொழிலில் பங்குக் காணி என்றாலே பயம். இரண்டு பெயரில் எழுதுவோம். பிறகு இரண்டு பேரின் பிள்ளைகள் வருவார்கள், பேரப்பிள்ளைகள் வருவார்கள். கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, பாதையில் பதினாறில் ஒரு பங்கு என்று வழக்கு மூன்று தலைமுறை ஓடும். அந்தப் பயத்திலேயே வளர்ந்தவன் நான்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ரெண்டும் குமர்ப் பிள்ளையள். நாளைக்கு உங்களுக்கொரு கலியாணம், அவவுக்கொரு கலியாணம். பேந்து ரெண்டு புருசன்மாரும் ஒரு கிணத்துக்கு அடிபடுவினம். ஒராளின்ரை பேரிலை எழுதுவம்."

யோகா சிரித்தாள். "எங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது அண்ணை."

"எல்லாப் பெட்டையளும் உப்பிடித்தான் சொல்லுறது. கடைசியிலை எங்களைத்தான் கலியாணவீட்டுக்குக் கூப்பிடுறது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் அதைக் கண்டேன். ஆனால் அதன் அர்த்தம் என்ன என்று நினைத்துப் பார்க்கவில்லை. "அப்ப மலரின்ரை பேரிலை எழுதுங்கோ. தோட்டம் செய்யிறது அவள்தானே," என்று யோகா விட்டுக்கொடுத்தாள். நான் அப்படியே எழுதினேன். இரண்டு பெண்களை வில்லங்கத்திலிருந்து காப்பாற்றிய பெருமையோடு அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவர்கள் சிநேகிதிகள் மட்டும் அல்ல, ஒருவரையொருவர் விரும்பிச் சோடியாக வாழ்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியவர நாலைந்து வருடம் ஆனது. ஊருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது. ஊர் அதை அறிந்தவுடன் முதலில் கைவைத்தது யோகாவின் வேலையில். முன்பள்ளியை நடத்திய குழுவில் ஒருவர் அவர்கள் வீட்டுப் படலையில் நின்று, "பிள்ளை, நாளையிலையிருந்து வரவேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதம் இல்லை. காரணமும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் படிப்பித்தவள். அவளிடம் அனா ஆவன்னா படித்த பிள்ளைகளின் தாய்மார் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்தார்கள். அதே தாய்மார் மாரிப் போகத்துக்கு மிளகாய்க் கன்று வாங்க அந்த வீட்டுக்குத்தான் போனார்கள். அந்த வளவில் முளைத்த கன்றை வீட்டுக்குக் கொண்டுபோக அவர்களுக்குக் கூச்சமில்லை.

யோகா அழுதுகொண்டு நிற்கவில்லை. சிவமலரோடு தோட்டத்தில் இறங்கினாள். நிழல்வலை கட்டினார்கள். தட்டில் கன்று வளர்த்தார்கள். மூன்று பரப்பிலும் கால் வைக்க இடமில்லாமல் பச்சையாக இருந்தது.

பிறகு சிவமலருக்குப் புற்றுநோய் வந்தது.

சிகிச்சை பலிக்கவில்லை என்று தெரிந்த மாதம் லண்டனிலிருந்து அவளுடைய தமையன் வந்து இறங்கினார். காணி வாங்கியபோதோ கிணறு இறைத்தபோதோ வராதவர். நேரே எங்கள் கந்தோருக்கு வந்து நொத்தாரிசு ஐயாவுக்கு முன்னால் இருந்தார்.

"தங்கச்சி தன்ரை காணியை என்ரை மகனுக்கு நன்கொடையா எழுதப்போறா. கெதியாச் செய்யவேணும். குமராயிருந்து போறவளின்ரை சொத்து, பிறந்த குடும்பத்துக்குத்தானே வரவேணும்?"

நான் நன்கொடை உறுதி எழுதினேன். ஆம், நானே எழுதினேன். தமையன் சொன்னால் தங்கை சொன்னது போலத்தான் என்று நினைக்கும் பழக்கம் எங்களுக்கு இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஐயா, தமையன், அவர் கூட்டிவந்த இரண்டு சாட்சிகள், நான் என்று ஐந்து பேர் சண்டிலிப்பாய் வீட்டுக்குப் போனோம். சிவமலர் முன் அறையில் சாய்மனைக் கதிரையில் இருந்தாள். உடம்பு வற்றியிருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. தமையன் யோகாவைப் பார்த்து, "நீர் வெளியிலை நில்லும். இது குடும்ப விஷயம்," என்றார். யோகா முற்றத்துக்குப் போய்க் கன்றுத் தட்டுகளுக்கு நடுவில் நின்றாள்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். உறுதியை வாசித்து விளங்கப்படுத்திய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் நாங்கள் எப்படி வாசிப்போம்? ஐயர் மந்திரம் சொல்வதுபோல ஒரே மூச்சில் கடகடவென்று. கேட்கிறவர் தலையாட்டுவார், பேனையைக் கொடுப்போம். அன்றும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் வரியில் யன்னலால் யோகா தெரிந்தாள். இந்த வீட்டுக்கு அவளுடைய நகை போனதைக் கண்டவன் நான். அவளுடைய பெயர் எழுதப்படாமல் போனதும் என் வாயால். உறுதியை மடியில் வைத்தேன்.

"தங்கச்சி, எழுத்துத் தமிழ் உங்களுக்கு விளங்காது. பேச்சிலை சொல்லுறன். இதிலை நீங்கள் கையெழுத்து வைச்சா, இந்தக் காணியும் வீடும் கிணறும் இண்டையோடை உங்கடை அண்ணையின்ரை மகனுக்கு. உங்களுக்குப் பிறகு யோகா இஞ்சை இருக்கேலாது. அவவை எழும்பு எண்டு சொன்னா எழும்பத்தான் வேணும். உங்களுக்கு இது சம்மதமோ?"

"என்ன கதை இது?" என்று தமையன் எழும்பினார்.

சிவமலர் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "ஆசுப்பத்திரிச் செலவுக்கு எண்டெல்லோ என்ரை அண்ணை சொன்னவர்? காசு எடுக்கிறதுக்கு ஒரு கடுதாசி எண்டு?"

"இது காசுக் கடுதாசி இல்லை தங்கச்சி. காணிக் கடுதாசி."

"அப்ப கொண்டு போங்கோ," என்றாள். "யோகா, உள்ளை வா."

வாகனத்தில் திரும்பும்போது ஐயா முன்னால் பார்த்தபடியே கேட்டார்: "நீர் உறுதி வாசிச்சனீரோ, பிரசங்கம் வைச்சனீரோ?"

அடுத்த நாள் கந்தோர் திறக்கும்போதே யோகா வாசலில் நின்றாள். சிவமலர் காணியை யோகாவின் பெயருக்கு எழுத விரும்புகிறாள், ஐயா வரவேண்டும் என்று கேட்டாள். ஐயா கெட்ட மனிதர் அல்ல. ஏழைகளுக்குக் காசு வாங்காமல் உறுதி முடித்தவர். ஆனால் அன்று மேசையில் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே, "பிள்ளை, உங்கடை சீவியத்தையே குற்றம் எண்டு சட்டம் சொல்லுது. நான் அதுக்கு முத்திரை ஒட்டேலாது," என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அவன் தன் நாட்டில் அதை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டான். நாங்கள் மட்டும் தூசு தட்டி வைத்திருக்கிறோம். அதை விடுங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சட்டமான தேசவழமை என்ன சொல்கிறது? கல்யாணம் முடித்த இருவர் சேர்ந்து உழைத்து வாங்கியதைத் தேடியதேட்டம் என்கிறது. அதில் ஒருவர் செத்தால் பாதி மற்றவருக்கு. யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. குடித்துவிட்டு வந்து பெண்சாதிக்கு அடித்தவனுக்கும் பாதி உண்டு. ஒரு கன்று நடாதவனுக்கும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு எத்தனை உறுதி எழுதிக் கொடுத்தேன்! இந்த இரண்டு பேரும் பதினாறு வருடம் ஒரு கிணற்றில் இறைத்து, ஒரு பானையில் சமைத்து, ஒருத்தி வாந்தி எடுக்க மற்றவள் ஏந்திப் பிடித்தவர்கள். தேடியதேட்டம் என்றால் இதைவிட வேறு என்ன? கல்யாணம் செய்யச் சட்டம் விடாது. செய்யாததால் பாதியும் தராது. அவளுடைய வேலையையும் பறித்துவிட்டு, நீ எப்படிச் சாப்பிடுவாய் என்று கேட்க ஓர் ஆளில்லை.

"ஐயா, அஞ்சு சாட்சி ஒரே நேரத்திலை முன்னாலை நிண்டு கையெழுத்து வைச்சா மரணசாசனத்துக்கு நொத்தாரிசு தேவையில்லைத்தானே?" என்றேன். அதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "ஓம். தேவையில்லை. அப்பிடியெண்டா திங்கக்கிழமையிலையிருந்து நீரும் எனக்குத் தேவையில்லை."

நான் ஓய்வு பெற்றேன் என்று சொல்கிறார்கள். நான் ஓய்வு பெற்றது இப்படித்தான்.

தனக்குப் பிறகு சொத்து யோகாவுக்கு என்று சிவமலர் வைக்கும் சாசனத்தை எழுதுவதற்கு எனக்கு அரை மணித்தியாலம் போதும். ஆனால் ஐந்து பேர் வேண்டும். யோகாவுக்குச் சொத்துப் போவதால் அவள் சாட்சி வைக்க முடியாது. நான் ஒருவன், இன்னும் நாலு பேர். சண்டிலிப்பாயில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லாரும் அந்த வளவில் கன்று வாங்கியவர்கள். ஒருவர் கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, "மகளுக்கு ஒரு இடம் பேச்சிலை கிடக்கு. உதிலை என்ரை பேர் அடிபட்டா குழம்பிப்போம்," என்றார். இன்னொருவருக்குக் கோயில் நிர்வாகசபைத் தெரிவு வருகிறதாம். மூன்றாமவர், "உவளவை நல்ல பிள்ளையள்தான் அண்ணை. ஆனா கையெழுத்தெண்டா..." என்று இழுத்து, வாக்கியத்தை முடிக்காமல் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். நல்ல பிள்ளைகளாம்! ஒரு பேனை பிடிக்கிற அளவுக்கு மட்டும் நல்லவர்கள் இல்லை.

மருதனார்மடச் சந்தையில் மீன் விற்கும் இராசமணி அக்காவைக் கண்டேன். வடகடற்கரையிலிருந்து தினமும் பஸ்சில் வருகிறவர். சிவமலர் வீட்டுக்குக் கிழமையில் மூன்று நாள் மீன் கொடுத்தவர். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்கடை ஊருக்கை எனக்குச் சம்பந்தம் பேச ஆர் வரப்போகினம்? பேசாத ஆக்களுக்கு நான் ஏன் பயப்பிடவேணும்? எழுத்துத் தெரியும். எங்கை வைக்கவேணும் எண்டு காட்டு தம்பி. ஆனா பன்ரண்டரை பஸ்சைத் தவறவிடமாட்டன்."

அடுத்தது பட்டணத்தில் ஹமீது நானா. நிழல்வலையும் கன்றுப் பையும் அவர் கடையில்தான் எடுப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் சனத்தைத் துரத்தியபோது உடுத்த துணியோடு போய், பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். என்னை முழுக்கச் சொல்ல விடவில்லை.

"இருந்த வீட்டிலையிருந்து எழும்பு எண்டு சொன்னா என்ன மாதிரி இருக்கும் எண்டு எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம் தம்பி. எத்தினை மணிக்கு?"

மூன்று பேர் ஆயிற்று. யாரைத் தேடிப்போவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கனவே கதை எட்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, வேலையும் போச்சு. இப்ப பிள்ளையின்ரை சம்பந்தத்தையும் கலைக்கப்போறியளோ?"

எங்கள் மகள் தர்சினிக்கு அளவெட்டியில் ஓர் இடம் பேசி, நாள் வைக்கும் மட்டுக்கு வந்திருந்தது. சற்றுமுன் வீடு வீடாகப் போய் நான் மனதுக்குள் திட்டிய பயம் எங்கள் குசினியிலும் இருந்தது. தாய்க்குத் தர்சினிதான் பதில் சொன்னாள். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, அப்போது இருபத்தாறு வயது.

"நான் நாலாவது, அப்பா. யோகா ரீச்சரட்டைத்தானே நான் எழுதப் பழகினனான். அம்மாதான் கூட்டிக்கொண்டு போறவ, உங்களுக்குத் தெரியாது."

"நீ வாயைப் பொத்து!" என்றாள் தாய்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. பேசியவர் கல்யாணத் தரகர். மனைவிதான் எடுத்தாள். சிவமலரின் தமையன் மாப்பிள்ளை வீட்டுக்கும் கதை கொண்டுபோயிருந்தார். தரகரின் குரல் எங்களுக்கும் கேட்டது: சாட்சி வைத்தால் சம்பந்தம் இல்லையாம். வைக்காவிட்டால், இந்தச் சங்கடத்துக்காகச் சீதனத்தில் வீட்டோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தரட்டாம்.

மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சமோ?" என்று கேட்டாள். "என்ரை பிள்ளை என்ன, சந்தையிலை பேரம் பேசுற கத்தரிக்காயோ? அவையளைப் போய் வேறை சந்தை பாக்கச் சொல்லுங்கோ!" தொலைபேசியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு எத்தினை மணிக்கு? என்ன பாக்கிறியள்? பெட்டையைத் தனிய விடுறதே?"

மறுநாள் பதினொரு மணிக்கு ஐந்து பேரும் அந்த முன் அறையில் நின்றோம். நான் சாசனத்தைப் பேச்சுத் தமிழில் ஒருமுறை, எழுத்துத் தமிழில் ஒருமுறை, மெதுவாக வாசித்தேன். சிவமலர் ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம்" என்றாள். பிறகு கையெழுத்து வைத்தாள். அவள் பெயரை எழுதி முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு நான், இராசமணி அக்கா, நானா, தர்சினி. கடைசியாக மனைவி பேனையை வாங்கினாள்.

"கலியாண எழுத்துக்கு வைச்ச பிறகு இண்டைக்குத்தான் கையெழுத்து வைக்கிறன். அதிலையும் உந்த மனுசனுக்குப் பக்கத்திலை."

சிவமலர் சிரித்தாள். சிரிக்க அவளுக்கு நொந்தது, ஆனாலும் சிரித்தாள். பிறகு யோகாவிடம், "அக்காவுக்கு பஸ் போகப்போகுது. தேத்தண்ணி குடு," என்றாள்.

பத்தொன்பதாம் நாள் அவள் இறந்தாள். தமையன் சாசனத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். சிவமலருக்கு அறிவு தெளிவில்லை என்றார், நான் யோகாவிடம் காசு வாங்கினேன் என்றார். தவணைக்கு மேல் தவணை. இராசமணி அக்கா ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் மீன் வியாபாரத்தை விட்டு வந்தார். நானா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வழக்குச் செலவுக்கு யோகா கிணற்று மோட்டாரை விற்றாள், ஒரு போகம் முழுக்க வாளியால் அள்ளி ஊற்றினாள். காணி கடைசியில் அவளுக்கே வந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள், பிள்ளைகளே. தாலி கட்டிய ஒருத்திக்கு மரணச் சான்றிதழைக் காட்டியதும் கிடைக்கும் பங்கு இவளுக்கு இரண்டு வருடமும், ஒரு மோட்டாரும், ஐந்து பேரின் மனமும் இருந்தால்தான் கிடைத்தது. அந்த ஐந்து பேர் அகப்படாத எத்தனை பேர் பெட்டியோடு தெருவில் நின்றார்களோ! அன்று அவர்கள் கேட்டபடி நான் இரண்டு பெயர் எழுதியிருந்தால் அவளுடைய பாதியாவது கேள்வி இல்லாமல் நின்றிருக்கும். ஆகவே வருகிறவருக்கு நாளைக்கு எப்படிக் கல்யாணம் நடக்கும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். யார் பெயரை எழுதச் சொல்கிறார்களோ அதை எழுதுங்கள். விளங்காதபடி வாசிக்காதீர்கள், விளங்கும்படி வாசியுங்கள்.

என்னைச் சாட்சிக் கூட்டில் ஏற்றிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். தமையனுக்காக வாதாடிய பிரக்கிராசியார் நல்ல சத்தமாகக் கேட்டார், பின் வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

"சிவமலருக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன உறவு?"

யோகா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிநேகிதிகள் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

"குடும்பம், ஐயா," என்றேன்.

"சட்டத்திலை அப்பிடியொரு குடும்பம் இருக்கோ? முப்பது வருசம் உறுதி எழுதின ஆளெல்லோ நீர். சொல்லும் பாப்பம்."

"இல்லை ஐயா. அதாலைதான் நாங்கள் அஞ்சு பேர் போய்க் கையெழுத்து வைச்சனாங்கள்."